சுற்றுச்சூழல் பட்டப்படிப்பு: எந்தக் கதவைத் தட்டுவது?

சுற்றுச்சூழலில் இளநிலைப் பட்டம் படிக்க நினைப்பவருக்குப் பொதுவாக மூன்று வழிகள் உண்டு: சுற்றுச்சூழல் அறிவியல், சுற்றுச்சூழல் ஆய்வுகள், சுற்றுச்சூழல் பொறியியல். விளம்பரங்களில் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். வகுப்புக்குள் நடப்பது வேறு வேறு.

ஓர் ஆற்றில் ஆலைக் கழிவு கலக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறிவியல் மாணவர் நீர் மாதிரியை 20 டிகிரி செல்சியஸில் 5 நாள் இருட்டில் வைத்து, நுண்ணுயிரிகள் எவ்வளவு ஆக்சிஜனைத் தீர்த்தன என்று அளப்பார். பிஓடி என்று சொல்வது இதைத்தான். பொறியியல் மாணவர் அந்த எண்ணை வாங்கிக்கொண்டு, சுத்திகரிப்புத் தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், எவ்வளவு காற்று செலுத்த வேண்டும் என்று கணக்குப் போடுவார். ஆய்வுகள் படிப்பவரின் கேள்விகள் வேறு: ஆலைக்கு அனுமதி எப்படிக் கிடைத்தது? சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையில் எது விடுபட்டது? கரையோர மக்களைக் கலந்து பேசினார்களா?

ஆய்வுகள் என்றால் சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சட்டம், பொருளியல், அரசியல் என்று வாசிப்பும் எழுத்தும் மலைபோல் குவியும். ஆனால் புள்ளியியலும் ஜிஐஎஸ்ஸும் (இடம் சார்ந்த தரவுகளைக் கணினி வரைபடத்தில் வைத்து அலசும் முறை) இல்லாத ஆய்வுகள் படிப்பை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பிறர் தரும் எண்களைச் சோதிக்கத் தெரியாமல் கொள்கை பேசி என்ன பயன்? அறிவியலுக்கு வேதியியல், உயிரியல் அடித்தளம் வேண்டும். பொறியியலுக்குக் கணிதமும் இயற்பியலும் இல்லாமல் நுழையவே முடியாது.

இவற்றைத் தவிர நான்காவதாக ஒன்று இருக்கிறது, அதிகம் பேசப்படாதது: வேதியியல், புவியியல், பொருளியல் என்று ஏதாவதொன்றை முதன்மையாகப் படித்து, சுற்றுச்சூழலைத் துணைப்பாடமாக எடுப்பது. ஓசோன் பற்றிய ஆய்வுக்காக 1995-இல் வேதியியல் நோபல் பெற்ற மூவரைப் பாருங்கள். ரோலண்ட் வேதியியலாளர். மொலினா முதலில் படித்தது வேதிப் பொறியியல். க்ருட்சன் கட்டுமானப் பொறியியல் படித்துப் பாலம் கட்டும் வேலையில் இருந்தவர். குளிர்பதனப் பெட்டியிலும் ஸ்ப்ரேயிலும் இருந்த சிஎஃப்சி (குளோரோஃபுளோரோகார்பன்) வேதிப்பொருள்கள் ஓசோனை அரிக்கும் என்று ரோலண்டும் மொலினாவும் 1974-இல் சொன்னார்கள். ஆனால் 1987-இல், சிஎஃப்சி போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் உடன்படிக்கை வரை அதைக் கொண்டுசேர்க்க, பேச்சுவார்த்தையும் சட்டமும் தெரிந்தவர்களும் தேவைப்பட்டார்கள். ஆகவே ஒரு துறையில் ஏற்கெனவே பிடிப்பு இருப்பவர் அதை விட்டுவிட்டு வர வேண்டியதில்லை. நான்காவது வழியே அவருக்குப் பொருத்தம். எதில் ஆர்வம் என்று இன்னும் பிடிபடாதவர் அறிவியலில் தொடங்கலாம். அங்கிருந்து பிற்பாடு கொள்கைப் பக்கம் நகர்வது, எதிர்த் திசையில் நகர்வதைவிட எளிது. வேதியியல் அடிப்படையை முதுநிலையில் உட்கார்ந்து ஈடுகட்டுவது பெரும்பாடு.

சரி, சேர்க்கை. விண்ணப்பத்துக்கு முன்னால் கல்லூரியின் முழுப் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். பட்டத்தின் பெயரை நம்ப வேண்டாம். ஒரு கல்லூரியில் 'அறிவியல்' என்று இருப்பது இன்னொன்றில் 'ஆய்வுகள்' என்ற பெயரில் நடக்கலாம். ஆய்வக வகுப்பு எத்தனை செமஸ்டருக்கு இருக்கிறது, களப்பணிக்கு மதிப்பெண் உண்டா அல்லது சுற்றுலாவோடு சரியா, இறுதியாண்டில் மாணவர் தானே செய்யும் திட்டப்பணி உண்டா என்று பாருங்கள். பள்ளியில் கணிதம் எடுக்காதவர், தகுதி விதிகளை முதலிலேயே படித்துவிடுவது நல்லது. பொறியியல் என்றால் அந்தப் பட்டத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா, அங்கீகரிக்கும் அமைப்பு, பல நாடுகள் ஒன்றின் பொறியியல் பட்டத்தை மற்றொன்று ஏற்பதற்காக 1989-இல் தொடங்கிய வாஷிங்டன் உடன்பாட்டில் உறுப்பினரா என்றும் கேட்டுவிடுங்கள். வேறு நாட்டில் வேலை தேடும்போது அது கைகொடுக்கும். அப்புறம், முடிந்தால் இறுதியாண்டு மாணவர் ஒருவரிடம் பேசுங்கள்: போன செமஸ்டரில் எத்தனை நாள் களத்துக்குப் போனீர்கள் என்று மட்டும் கேட்டாலே போதும்.