மடியிலிருந்து மேசைக்கு: விதைப்பைச் சூட்டைக் குறைக்கச் செய்த மாற்றங்கள், ஓராண்டுக்குப் பின்

விந்துப் பரிசோதனையில் அணுக்களின் எண்ணிக்கை வரம்பை ஒட்டியும், முன்னோக்கி நீந்தும் அணுக்களின் விகிதம் வரம்புக்குச் சற்றுக் கீழேயும் இருந்ததால், மருந்து எழுதுவதற்கு முன் சூட்டைக் குறைத்துப் பார்க்கலாம் என்றார் மருத்துவர். அன்று முதல் லேப்டாப்பை மடியில் வைப்பதில்லை; இறுக்கமான உள்ளாடை அணிவதில்லை; வெந்நீர்த் தொட்டிக்கும், சானா எனப்படும் சூடேற்றிய குளியல் அறைக்கும் போவதில்லை. ஓராண்டைக் கடந்துவிட்ட நிலையில், இவற்றில் எது பயன்பட்டது, எது வீண் செலவு என்பதை எழுதுகிறேன்.

விரைகள் உடலுக்கு வெளியே பையில் இருப்பதே சூட்டிலிருந்து தப்புவதற்காகத்தான். உடலின் உள்வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைவாக இருந்தால்தான் அங்கே விந்தணு ஒழுங்காக உருவாகும். குளிரில் தசை சுருங்கிப் பையை மேலே இழுப்பதும், வெப்பத்தில் தளர்ந்து கீழே இறக்குவதும், தமனியில் இறங்கும் சூடான ரத்தம் அதைச் சுற்றிப் பின்னியிருக்கும் சிரைகளுக்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டுக் கீழே போவதும் இந்த வேறுபாட்டைக் காப்பதற்கான ஏற்பாடுகள். தொடைகளைச் சேர்த்து வைத்து மணிக்கணக்கில் உட்கார்ந்தால் இந்த ஏற்பாடு தோற்றுவிடுகிறது. வெப்பம் கூடும்போது வளர்ச்சியின் நடுக்கட்டத்தில் இருக்கும் அணுக்கள் மடிகின்றன. மிஞ்சுபவற்றிலும் மரபணு இழை சிதைவதுண்டு.

முதலில் வாங்கியது, மின்விசிறி பொருத்திய மடிப்பலகை. லேப்டாப்பின் அடிப்பகுதி குளிர்ந்தது என்பது உண்மை; ஆனால் பலகை வழுக்காமலிருக்கத் தொடைகளை நெருக்கியே வைக்க வேண்டியிருந்தது. கோளாறு அங்கேதான். 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், லேப்டாப்பை மடியில் வைத்துக் கால்களைச் சேர்த்து உட்கார்ந்தவர்களுக்கு விதைப்பையின் வெப்பம் 1 டிகிரி உயர 11 நிமிடமே ஆனது. அடியில் மடிப்பலகை வைத்தபோது அது 14 நிமிடமாயிற்று, அவ்வளவுதான். கால்களை அகட்டி உட்கார்ந்தபோது 28 நிமிடம் தாங்கியது. ஆகவே பலகையை விற்பவர் சொல்லும் ‘பாதுகாப்பு’ லேப்டாப்புக்குத்தான் பொருந்தும், அதை வைத்திருப்பவருக்கு அல்ல.

அதன்பின் வாங்கிய உயரம் மாற்றும் மேசையைப் பற்றிக் குறை சொல்ல அதிகமில்லை. குறுக்குச் சட்டம் முழங்காலில் இடிக்கும். தட்டச்சு செய்யும்போது லேசாக ஆடும். நான் பெரிதாக மதிப்பது, நின்றபடியும் வேலை செய்ய முடிவதைத்தான். பஞ்சு அடர்ந்த நாற்காலியில் அசையாமல் உட்காருவதும் சூடுதான் என்பதால், லேப்டாப்பை மட்டும் நகர்த்திவிட்டு நாள் முழுதும் உட்கார்ந்தே இருந்தால் பாதிப் பலன்தான் கிடைக்கும்.

உள்ளாடை மாற்றம் இவற்றில் மலிவானது, எளிதானது. 2018-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 656 ஆண்களிடம் பார்த்தபோது, பெரும்பாலும் தளர்வான பாக்ஸர் அணிபவர்களுக்கு விந்தணு அடர்த்தி மற்றவர்களைவிட 25 விழுக்காடு அதிகமாக இருந்தது. இது தொடர்பைக் காட்டும் கணக்கே அன்றி, பாக்ஸர்தான் காரணம் என்பதற்கான உறுதியான சான்றாகாது. பயன்பாட்டில் ஒரு தொல்லை உண்டு: ஒட்டிய காற்சட்டைக்குள் பாக்ஸரின் கால்பகுதி சுருண்டு மேலேறி இடுக்கில் தடித்துக் கிடக்கும். உள்ளாடையைத் தளர்த்தி, மேலே ஜீன்ஸை இறுக்கினால் என்ன பயன்? காற்சட்டையையும் மாற்ற வேண்டியதாயிற்று. ஜெல் பை வைத்த ‘குளிர்ச்சி உள்ளாடை’களை நான் வாங்கவில்லை, அன்றாட வேலைக்கு அவை ஒத்துவரா.

பலன் தெரியப் பொறுமை வேண்டும். ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள், அதன்பின் விரையை ஒட்டியிருக்கும் சுருள் குழாயான விரைமேவியில் முதிர்ந்து வெளிவர மேலும் சில நாள் என மூன்று மாதம் போய்விடும். அதற்குள் எடுக்கும் பரிசோதனை பழைய வாழ்க்கையின் கணக்கையே காட்டும். இடையில் எனக்குக் கடும் காய்ச்சல் வந்தது. அடுத்த அறிக்கையில் எண்ணிக்கை சரிந்தது. காய்ச்சலும் உள்ளிருந்து வரும் வெப்பமே என்பதால் மருத்துவர் அதைப் பொருட்படுத்தாமல் காத்திருக்கச் சொன்னார். பின்வந்த அறிக்கைகளில் எண்ணிக்கை உயர்ந்தது. முன்னோக்கி நீந்துபவை உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த 30 விழுக்காடு என்ற கீழ்வரம்பைத் தாண்டின. ஒரே ஆளின் அறிக்கைகளே முறைக்கு முறை வெகுவாக மாறுபடும். மூன்று மாற்றங்களையும் ஒன்றாகச் செய்ததால் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்கவும் முடியாது.

வெரிகோசில் எனப்படும் விதைப்பைச் சிரைகளின் புடைப்பு இருப்பவர்கள் மேசையையும் பாக்ஸரையும் நம்பி மாதங்களைக் கழிக்கக் கூடாது. பொதுவாக ஆண்களில் 15 விழுக்காட்டினருக்கும், குழந்தையின்மைக்காக வரும் ஆண்களில் 35 முதல் 40 விழுக்காட்டினருக்கும் அது காணப்படுகிறது. அங்கே சூட்டின் ஊற்று உள்ளேயே இருக்கிறது. எனக்கு அது இல்லை என்பதை முதலிலேயே பார்த்துவிட்டார்கள்.

சானாவை விட்டதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. 2013-இல் வந்த ஒரு சிறிய ஆய்வில், வாரம் இருமுறை என மூன்று மாதம் சானாவுக்குச் சென்றவர்களின் விந்தணு குறைந்து, நிறுத்திய ஆறு மாதத்தில் பழைய நிலைக்குத் திரும்பியது. அதனால் குழந்தைக்கான முயற்சி முடிந்ததும் சானாவுக்குத் திரும்பவே எண்ணியிருக்கிறேன். மேசையையும் பாக்ஸரையும் விடுவதாக இல்லை.