பழைய அக்யூட்ரானுக்குப் புது பேட்டரி: அடாப்டரா, ஃபேஸிங்கா?

அப்பாவின் புலோவா அக்யூட்ரான் 214 வாட்ச் என் கைக்கு வந்தபோது ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஓட்டம்தான் கொஞ்சம் அதிகம். காலையில் சரிசெய்து வைத்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் சாயங்காலம் காட்டும். முதலில் காட்டிய மெக்கானிக், "சர்க்யூட் போச்சு சார், குவார்ட்ஸ் மெஷின் மாத்திடலாம்" என்றார். சர்க்யூட் போயிருந்தால் அது ஓடவே ஓடாது. மெஷினையே மாற்றுவதாக இருந்தால் அப்பாவின் வாட்ச் எதற்கு, புதிதாகவே ஒன்று வாங்கிக்கொள்ளலாமே. அந்த வழியை அங்கேயே விட்டுவிட்டேன்.

பிரச்சினை பேட்டரியில் இருந்தது. 1960-ல் வந்த இந்த வாட்சுக்குள் மற்ற வாட்சுகளில் முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் சக்கரம் கிடையாது, வினாடிக்கு 360 தடவை அதிரும் ஒரு குட்டி இசைக்கவை இருக்கிறது. காதில் வைத்தால் டிக் டிக் கேட்காது, கொசு ரீங்காரம்தான். கவையில் ஒட்டிய மெல்லிய கம்பி, அதன் நுனியில் தூசி அளவுக்கு ஒரு கல். அந்தக் கல் 300 பல் உள்ள ஒரு சக்கரத்தை அதிர்வுக்கு ஒரு பல் வீதம் தள்ளிக்கொண்டே போகும். எல்லாம் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகக் கணக்குப் பண்ணிச் செய்தது. பாதரச பேட்டரிக்கு இப்போது தடை, கடையில் கிடைப்பது சில்வர் ஆக்ஸைடு, 1.55 வோல்ட். அந்த 0.2 வோல்ட் கூடுதலால் கவையின் வீச்சு பெரிதாகி, ஒரு பல்லுக்குப் பதில் கூடுதல் பற்களைத் தள்ளிவிடுகிறது.

இதைப் புரிந்துகொள்ளாமல் நிறைய பேர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரைத் திருப்பிக்கொண்டே இருக்கிறார்கள், நானும் திருப்பியிருக்கிறேன். பிரயோஜனம் இல்லை, ஏனென்றால் கவை சரியான வேகத்தில்தான் அதிர்கிறது, அதை எண்ணுகிற சக்கரம்தான் தப்பாக எண்ணுகிறது. ரெகுலேட்டரால் ஒரு நாளைக்குச் சில வினாடிகளைத்தான் கூட்டிக் குறைக்க முடியும், மணிக்கணக்கான கோளாறு அதற்கு எட்டாது.

காது கேட்கும் கருவியில் போடும் ஸிங்க்-ஏர் பேட்டரியின் வோல்டேஜ் ஓரளவு ஒத்துவரும், ஆனால் அதற்குக் காற்று வேண்டும், ஸ்டிக்கரைப் பிரித்த சில மாதங்களில் காய்ந்தும் போகும். பழைய ஸ்டாக் பாதரச பேட்டரி யாராவது கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், கசிந்தால் உள்ளே இருப்பதும் சேர்ந்து போகும்.

மிச்சம் இரண்டு வழி. ஒன்று, டயோடு வைத்த அடாப்டர். சின்ன சில்வர் ஆக்ஸைடு பேட்டரியை அதற்குள் வைத்துப் போட்டால் டயோடு வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கும். மெஷினைத் தொடவே வேண்டாம், பின்மூடியில் காசு நுழையும் பள்ளத்தைத் திருப்பினால் போதும், ஐந்து நிமிட வேலை. எட்டு மாதம் இப்படித்தான் ஓட்டினேன். நேரம் நன்றாகவே காட்டியது, ஆனால் இரண்டு முறை நின்றுபோனது. இரண்டு முறையும் அடாப்டருக்கும் பேட்டரிக்கும் நடுவே சரியாகத் தொடவில்லை, அவ்வளவுதான். என் அடாப்டரின் குறையாகவும் இருக்கலாம், ஒன்றைத்தான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, ஃபேஸிங். அந்தச் சக்கரம் பின்னால் போகாமல் பிடித்துக்கொள்ள இரண்டாவதாக ஒரு கல் இருக்கிறது. இரண்டு கல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அரைப் பல் கணக்கில் சரியாக வைத்தால், வீச்சு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் சக்கரம் ஒரே பல்தான் நகரும். நல்ல நிலையில் உள்ள 214 அப்புறம் 1.55 வோல்ட்டிலேயே ஒழுங்காக ஓடும். எனக்குச் செய்துகொடுத்தவர் வோல்டேஜை ஏற்றி இறக்கி, மைக்ராஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார். பற்கள் தனித்தனியாகத் தெரியவே இல்லை, பட்டுத்துணியை வெயிலில் அசைத்த மாதிரி ஒரு மினுமினுப்பு.

என் ஓட்டு இதற்குத்தான், ஆனால் யார் கை வைக்கிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அந்தச் சக்கரத்தின் குறுக்களவே இரண்டு மில்லிமீட்டர் சொச்சம்தான். பல் ஒன்று மழுங்கினாலோ, கவையை அதிரவைக்கும் மின்சுருளின் (coil) முடியைவிட மெல்லிய கம்பி அறுந்தாலோ பழைய வாட்ச் ஒன்றைப் பிரித்துத்தான் பாகம் எடுக்க வேண்டும், 1977-லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். கொடுக்கும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: "எத்தனை வோல்ட்டில் வைத்து டெஸ்ட் பண்ணுவீர்கள்?" பதில் தடுமாறினால் வாட்சை வாங்கிக்கொண்டு வந்து அடாப்டரையே போடுங்கள். அக்யூட்ரானில் அடுத்து வந்த 218 மாடல் வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு இதுதான், ஆனால் அதை நான் கையில் வைத்து ஓட்டியதில்லை.

ஃபேஸிங் செய்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஒரு நாளைக்கு 2 வினாடி முந்துகிறது. ரெகுலேட்டரை ஒரு பல் திருப்பினால் அதுவும் சரியாகிவிடும், அதற்காக மறுபடி மூடியைத் திறக்க மனம் வரவில்லை. மாதம் ஒருமுறை ஒரு நிமிடம் பின்னால் தள்ளி வைத்துக்கொள்கிறேன்.