எவர்சில்வரைத் தொடாத காந்தக் குச்சி: மூன்று வருடப் பயன்பாடு

எனக்கு வீடு தேவகோட்டையில், வல்லம் என்கிற மீன்பிடி நாட்டுப்படகு தொண்டியில். மச்சானோடு கூட்டு. கடலுக்குப் போவது அவன். என்ஜினுக்குப் பணம் கட்டுவதும் அதைக் குடைவதும் நான்.

குச்சி 180 ரூபாய், காரைக்குடி ஹார்டுவேர் கடையில் வாங்கியது. பழைய ரேடியோ ஏரியல் மாதிரி இழுத்தால் நீளும். முனையில் சுண்டுவிரல் நகம் அளவுக்குக் காந்தம்.

வாங்க வைத்தது ஒரு போல்ட். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகுக்குத் தடை இல்லைதான். ஆனால் மெக்கானிக்குகள் எல்லாம் விசைப்படகு வேலையில் இருப்பார்கள், நமக்கு ஒருவர் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்தவர் கியர்பாக்ஸ் ஆயில் சீலை மாற்றிவிட்டு அரக்கப்பரக்க ஓடினார். பத்து நாள் கழித்து என்ஜினுக்கு அடியில் எண்ணெய்த் தண்ணியைக் கோரும்போது விரல் நுனியில் ஏதோ இடறியது. எட்டவில்லை. போனில் கேட்டேன். "முன்னாடியே கிடந்திருக்கும்ணே, தூக்கிப் போடுங்க" என்றார்.

மறுநாள் குச்சியோடு போய் எடுத்தேன். முன்னாடியே கிடந்ததாம்! உப்புத் தண்ணியில் வருடக்கணக்கில் கிடந்த இரும்பு இப்படியா இருக்கும்? துரு இல்லை, மரையில் ஒரு பக்கம் உரசி மின்னியது. தலையில் பலத்தின் தரத்தைக் காட்டும் 8.8 என்ற முத்திரை, 17 ஸ்பேனர் சரியாக உட்கார்ந்தது. அப்படியானால் 10 மி.மீ. போல்ட். எங்கள் என்ஜினைத் தாங்கும் மவுண்டில் இருப்பதெல்லாம் 12. மிச்சம் இருந்தது கியர்பாக்ஸையும் புரொப்பெல்லர் ஷாஃப்டையும் சேர்க்கும் கப்ளிங். நான்கு துளை, மூன்று போல்ட். அதிலும் ஒன்றைக் கையாலேயே சுழற்ற முடிந்தது. நடுக்கடலில் ரிவர்ஸ் போடும்போது கப்ளிங் விட்டிருந்தால் ஷாஃப்ட் பின்னால் நழுவி, அந்த வழியாகவே தண்ணி ஏறியிருக்கும். மச்சானிடம் பாதியைத்தான் சொன்னேன்.

குறைகளும் உண்டு. குச்சியை உள்ளே விட்டால் அடிவரை போவதற்குள் பக்கத்திலுள்ள இரும்பிலெல்லாம் ஒட்டிக்கொள்ளும். முனையைச் சுற்றி பிளாஸ்டிக் டியூப் துண்டு ஒன்றைச் செருகி, அடிமுகம் மட்டும் தெரிய விட்டபின் சரியானது. ஒருமுறை ஓடிநின்ற சூட்டில் சைலன்சர் மேல் மறந்து வைத்துவிட்டேன். இந்த மாதிரி குச்சிகளில் வரும் நியோடிமியம் வகைக் காந்தம் 80 டிகிரிக்கு மேல் போனால் பலம் குறையும், குறைந்தது திரும்பாது. திசைகாட்டி பக்கத்தில் வைத்தால் முள் திரும்பிவிடும், அதனால் மச்சான் குச்சியைப் படகிலேயே விட விடமாட்டான்.

பெரிய குறை வேறு. போன வருடம் தண்ணி இறைக்கும் பம்ப் நின்றுபோனது. மூன்று தடவை காந்தத்தை விட்டுத் துழாவினேன், ஒன்றும் வரவில்லை. கழற்றிப் பார்த்தால் இறக்கையில் எவர்சில்வர் வாஷர் சிக்கியிருந்தது! தலையில் ஏ2, ஏ4 என்று அடித்து வரும் துருப்பிடிக்காத போல்ட்டுகளில் காந்தம் அநேகமாகப் பிடிக்காது. பித்தளையில் அறவே இல்லை. படகில் பாதி இந்த இரண்டும்தான். காரைக்குடி பழைய சாமான் கடையில் 'அசல் பித்தளை' என்று நீட்டுவார்களே, அங்கே காந்தம் ஒட்டினால் முலாம் பூசிய இரும்பு என்று தெரிந்துவிடும். அதற்கு உதவும் அதே குணம் என்ஜின் குழியில் காலை வாரிவிடுகிறது.

இப்போது கழற்றும் நட்டு, போல்ட், வாஷர் எல்லாம் தட்டில் எண்ணித்தான் வைக்கிறோம். முடுக்கிய பிறகு நட்டுக்கும் பிளேட்டுக்கும் குறுக்கே வெள்ளை பெயின்டில் ஒரு கோடு. கோடு விலகியிருந்தால் நட்டு கழன்று வருகிறது என்று கணக்கு. இதற்கான பெயின்ட் டப்பா குச்சியைவிட மலிவு. மெக்கானிக் முதலில் சிரித்தார், இப்போது அவரே கோடு போடுகிறார்.

உப்புக்காற்றில் குச்சியின் இரண்டாவது கணு இறுகிவிட்டது, பாதிதான் நீளுகிறது. படகுக்குப் புதிதாக ஒன்று வாங்கிவிட்டேன். பழையது ஆத்தாவிடம், தையல் மிஷினுக்கடியில் விழும் ஊசி பொறுக்க.