மழைநீர் மரக்குழி: கொளத்தூர்த் தெருவில் ஒரு பருவமழையைக் கண்ட சேவை

மழைநீரை உள்வாங்கும் குழிகளைச் சாலையோரத்தில் அமைத்து, அவற்றில் மரம் நட்டு, ஓராண்டு பராமரித்தும் தருகிற ஒரு சேவையைக் கொளத்தூரில் எங்கள் தெரு நலச் சங்கம் கடந்த கோடையில் அமர்த்தியது. நாற்றங்கால் நடத்தும் சிறு குழு ஒன்றும், அவர்களோடு சேர்ந்து இயங்கும் கட்டுமானப் பொறியாளர் ஒருவரும் இந்த வேலையைச் செய்கிறார்கள். அவர்களுடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. இதே வேலையை யாரிடம் ஒப்படைத்தாலும் எதைக் கேட்க வேண்டும், எங்கே குனிந்து பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதுதான் வடசென்னையின் மற்றத் தெருக்காரர்களுக்குப் பயன்படும் என்று கருதுகிறேன்.

அவர்கள் கொடுத்த விளக்கத் தாளில் மரத்தின் படம்தான் பெரிதாக இருந்தது. குழியைப் பற்றிக் கீழே இரண்டு வரிகள் மட்டும் இருந்தன. வேலையின் உயிர் அந்த இரண்டு வரிகளில்தான் இருக்கிறது. நன்றாக வளர்ந்த ஒரு மரத்தின் தழையில் ஒரு மழைக்குச் சுமார் 1 முதல் 2 மி.மீ. நீர்தான் தங்கும். தூறலுக்கு அது போதும்; ஐப்பசி அடைமழையில் அது கணக்கிலேயே வராது. வேர் உறிஞ்சி இலை வழியாக வெளிவிடும் நீரும் வானம் மூடிக்கிடக்கும் நாட்களில் வெகுவாகக் குறைந்துவிடும். சாலையில் ஓடிவரும் நீருக்கு உண்மையான இடம் கொடுப்பது, மரத்தின் அடியில் இறுகிப் போகாமல் இருக்கும் மண்ணும், அந்த மண்ணுக்குள் நீர் நுழைவதற்கு விடப்பட்ட வாயும்தான். ஆகவே நாற்று எத்தனை அடி உயரம் என்று அவர்கள் பெருமையாகச் சொன்னபோது, குழி எத்தனை அடி ஆழம் என்றுதான் நாங்கள் திருப்பிக் கேட்டோம்.

இந்தக் கேள்விக்கு அவர்கள் முறையாகப் பதில் சொன்னார்கள் என்பதை முதலில் பதிவு செய்ய வேண்டும். கொளத்தூர் களிமண் பூமி. ராயபுரம், தண்டையார்பேட்டை போன்ற கடலோரப் பகுதிகளின் மணலில் ஊற்றிய தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கிவிடும். இங்கே அப்படி இறங்காது. விலை சொல்வதற்கு முன்பாகவே பொறியாளர் ஒரு முழ ஆழத்துக்குச் சிறு குழி தோண்டச் சொல்லி, அதில் தண்ணீர் நிரப்பி, மூங்கில் குச்சியில் கோடு போட்டு நட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலை வந்து பார்த்தபோது நீர்மட்டம் பாதிக்குக்கூட இறங்கியிருக்கவில்லை. அதைக் கண்ட பிறகுதான், அடியில் வடிகுழாய் இல்லாமல் இங்கே மரக்குழி அமைக்கக் கூடாது என்று திட்டத்தையே மாற்றினார். இந்தச் சோதனையைச் செய்யாமல் விலைப்பட்டியல் கொடுப்பவர்களை நம்ப வேண்டாம். களிமண்ணில் வடிகுழாய் இல்லாத குழி ஒரு தொட்டியாகவே மாறிவிடும். வேர் மூச்சுவிட முடியாமல் அழுகி, இரண்டாவது ஆண்டிலேயே மரம் போய்விடும்.

ஒவ்வொரு குழியும் 3 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம். அடியில் ஜல்லிப் படுகை, அதற்குள் துளையிட்ட பி.வி.சி. குழாய், அதன் மேல் மண் இறங்கி அடைக்காமல் இருக்க ஜியோ டெக்ஸ்டைல் துணி, அதற்கும் மேலே பெரிய உடைகல்லும் அதன் இடுக்குகளில் செம்மண், மணல், மரக்கரித் தூள் கலந்த கலவையும் இட்டார்கள். இது அவர்கள் தாமாகக் கண்டுபிடித்த முறை அல்ல. ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து சாலையோர மரங்களுக்கு இப்படித்தான் கல்லடுக்கு மண் அமைத்து வருகிறார்கள். 10 முதல் 15 செ.மீ. அளவுள்ள கற்கள் ஒன்றோடொன்று முட்டி நின்று மேலே போகும் வண்டியின் பாரத்தைத் தாங்க, இடுக்குகளில் இருக்கும் மண் நசுங்காமல் வேருக்கும் நீருக்கும் காற்றுக்கும் இடம் விடுகிறது. வண்டி ஏறி நிற்கும் நம் தெருவோரங்களுக்கு இந்த ஏற்பாடு மிகவும் பொருந்துகிறது. தோண்டிய களிமண்ணையே மறுபடி குழிக்குள் தள்ளி மூடும் வழக்கத்தோடு ஒப்பிட்டால், இந்தச் சேவையின் மிகப் பெரிய நன்மையாக நான் இதைத்தான் சொல்வேன்.

வடிகுழாயின் மறுமுனை மாநகராட்சியின் மழைநீர் வடிகாலில் சேர்கிறது. அதற்கான அனுமதியைச் சங்கம்தான் பெற்றுத் தர வேண்டியிருந்தது. குழாய் வாயை முழுதாகத் திறந்து விட்டால் குழிக்குள் வந்த நீர் அந்த நிமிடமே வடிகாலுக்குப் போய்விடும், குழி இருந்தும் பயனில்லை. அதனால் மூடியிட்டு, அந்த மூடியில் ஒரு சிறு துளை மட்டும் போட்டிருக்கிறார்கள். வெளிவாயையும் அடித்தளத்திலிருந்து ஒரு சாண் உயர்த்தி வைத்திருப்பதால், கடைசியாக மிஞ்சும் நீர் மரத்துக்கென்று நின்றுவிடுகிறது. மழை விட்ட பிறகு, இந்த வெளிவாய் திறக்கும் ஆய்வுத் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தால், விரல் மொத்தத்தில் நீர் சீராக விழுந்துகொண்டிருப்பது தெரியும். தெருவில் ஒரே மூச்சில் பாய்ந்திருக்க வேண்டிய நீர் ஒரு பகலும் ஓர் இரவுமாக நிதானமாக வெளியேறுவதை அங்கே கண்ணால் காண முடிகிறது.

கணக்கும் சரியாகவே வருகிறது. குழியின் மொத்த அளவு 4.5 கன மீட்டர். அதில் 30 சதவீதம் காலி இடம் என்று கொண்டாலும் 1,350 லிட்டர் நீர் நிற்கும். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் அது 1 லிட்டர். ஒரு குழிக்குச் சுமார் 60 சதுர மீட்டர் சாலையின் நீர் வருகிறது. ஆக 20 மி.மீ. மழை பெய்தால் வரும் 1,200 லிட்டரையும் குழி வாங்கிக்கொள்ளும். கடந்த பருவமழையின் சாதாரண நாட்களில், முன்பு கணுக்கால் அளவு நீர் நின்ற வளைவில் செருப்பு நனையாமல் நடக்க முடிந்தது.

குறைகளையும் அதே கவனத்தோடு சொல்ல வேண்டும். முதல் குறை, நீர் நுழையும் வாய். சாலையோரக் கர்ப் கல்லை வெட்டி வாய் வைத்தவர்கள், அதற்கு முன்னால் சாலையைத் தாழ்த்தவில்லை. முதல் பெரிய மழையில் குடை பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன்: சரிவில் வேகமாக வந்த நீர் வாயின் விளிம்பைத் தொட்டுச் சற்றே நெளிந்து, உள்ளே திரும்பாமல் நேராக ஓடிவிட்டது. குழிக்குள் போனது அதில் ஒரு சிறு பங்குதான். படம் பிடித்து அனுப்பியதும் மேஸ்திரி வந்து, ஒவ்வொரு வாய்க்கும் முன்னால் இரண்டு விரற்கடை ஆழத்துக்குக் கிண்ணம் போலக் கொத்தி, கீழ்ப்பக்கம் சிறு தடுப்பு வைத்துப் பூசினார். அதன் பிறகு நீர் அங்கே வந்து தயங்கி உள்ளே திரும்புகிறது. இந்த வேலை முதலிலேயே செய்திருக்க வேண்டியது. ஒப்பந்தத்தில் இதை எழுதி வாங்குங்கள்.

இரண்டாவது குறை, மேல்மண்ணில் அவர்கள் அளவுக்கு மீறிச் சேர்த்த தென்னை நார்க்கழிவு. அது அமுங்கியதும் மண் உள்வாங்கி, கார்த்திகைக்குள் மரத்தின் கழுத்தைச் சுற்றிப் பள்ளம் விழுந்துவிட்டது. கூடுதல் மண் கொண்டுவந்து நிரப்பினார்கள் என்றாலும், பலமுறை நினைவூட்ட வேண்டியிருந்தது.

பராமரிப்பைப் பற்றி அவர்கள் சொன்னதைவிட நான் அழுத்தமாகச் சொல்கிறேன். வாயருகே இருக்கும் சிறு வண்டல் தொட்டியில் மணல், பால் பாக்கெட், ஷாம்பு உறை, உதிர்ந்த சருகு எல்லாம் வந்து சேர்கின்றன. பருவமழைக் காலத்தில் வாரம் ஒருமுறை அதை அள்ளாவிட்டால் குழி அடைத்துப் போகும். 2003-ல் தமிழ்நாடு முழுவதும் வீடுகளுக்குக் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு ஒரு நல்ல ஏற்பாடு. கட்டிய பிறகு திரும்பிப் பார்க்காத வீடுகளில் அந்தக் குழிகள் தூர்ந்து கிடக்கின்றன. மரக்குழிக்கும் அதே கதி வரக் கூடாது. எங்கள் தெருவில் ஒவ்வொரு குழிக்கும் எதிர்வீட்டார் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம். இதுவரை அது நடக்கிறது.

மரத் தேர்வில் சேவையாளர்களோடு எங்களுக்குக் கருத்து வேறுபாடு இருந்தது. விரைவில் நிழல் கிடைக்கும் என்று அவர்கள் மயில்கொன்றையைப் பரிந்துரைத்தார்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சாய்த்த மரங்களைப் பார்த்த எவரும் அதற்கு எளிதில் உடன்பட மாட்டார்கள். வேம்பும் பூவரசும் பெரும்பாலும் தாக்குப்பிடித்து நின்ற இடங்களில் மயில்கொன்றையும் தூங்குமூஞ்சியும் வேரோடு விழுந்து கிடந்தன. எங்கள் விருப்பப்படி நீர்மருது, புங்கன், பூவரசு ஆகியவற்றை மாறிமாறி நட்டார்கள். மூன்றுமே சில நாள் நீர் நின்றாலும் தாங்கும். நாற்றைப் பொறுத்தவரை ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பையைக் கிழித்ததும் வேரைப் பாருங்கள். அதிக நாள் பையிலேயே இருந்த நாற்றின் வேர் உள்ளுக்குள்ளேயே சுற்றிச் சுருண்டிருக்கும். அப்படியே நட்டால் மரம் உயரும், ஆனால் காற்றுக்குப் பிடிமானம் இருக்காது. எங்களுக்கு வந்தவற்றில் அப்படி இருந்த நாற்றுகளைத் தயங்காமல் மாற்றித் தந்தார்கள்.

வேர் களிமண்ணுக்கே வழி திறக்கும் என்று பொறியாளர் சொன்னது வெறும் விற்பனைப் பேச்சு அல்ல. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், இறுகிய களிமண்ணை மரவேர் ஊடுருவியபோது நீர் இறங்கும் வேகம் சராசரியாக 153 சதவீதம் கூடியது. அது வேறு மண், வேறு மரம் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆனாலும் ஆண்டுகள் ஏற ஏற வலுக்கக்கூடிய வடிகால் அமைப்பு அரிது. கான்கிரீட் வடிகால் கட்டிய நாளிலிருந்தே தூர்ந்துகொண்டுதான் வருகிறது.

தோண்டும்போது மின்வாரியக் கேபிளும் மெட்ரோ வாட்டர் குழாயும் குறுக்கிட்டதால் ஒரு குழியை இடம் மாற்ற வேண்டியிருந்தது. அதை அவர்கள் பொறுமையாகச் செய்தார்கள். தெருமுனை வீட்டுப் பாட்டி மட்டும், "ஏம்ப்பா, குழி வெட்டித் தண்ணிய நிறுத்துனா கொசு வராதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நியாயமான கேள்விதான். கொசுவின் முட்டை பறக்கும் கொசுவாக மாறச் சுமார் ஒரு வாரம் ஆகும். நீர் கல்லுக்கு அடியில் நிற்பதோடு, மரத்துக்கென்று அடியில் மிஞ்சுவதைத் தவிர மற்றது ஓரிரு நாளில் வடிந்தும் விடுகிறது. பொறியாளர் அவரை அழைத்துப் போய் ஆய்வுத் தொட்டியைத் திறந்து காட்டிய பிறகு, அவரே தன் வீட்டெதிர்க் குழியின் சருகை அள்ளிப் போடுகிறார்.

இந்தக் குழிகள் வெள்ளத்தைத் தடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரே நாளில் 150 மி.மீ. பெய்தால் ஒரு குழிக்கு 9,000 லிட்டர் வரும். அதில் ஏழில் ஒரு பங்குக்குத்தான் இடம் உண்டு, மற்றது வடிகாலுக்குத்தான் போக வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் பெய்வித்ததைப் போன்ற மழைக்கு வடிகாலும் கால்வாயும் முகத்துவாரமும்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் வடசென்னை தட்டையான பூமி. ஓட்டேரி நுல்லா என்ற நீரோடை நிரம்பி ஓடினால், அது போய்ச் சேரும் பக்கிங்காம் கால்வாயும் அதே நேரத்தில் நிரம்பியிருக்கும். புளியந்தோப்பு, பட்டாளம் ஆகிய தாழ்வான பகுதிகள் அந்த நெருக்கடியைத் தாங்குகின்றன. மேட்டுத் தெருக்கள் தங்கள் நீரைச் சில மணி நேரமாவது பிடித்து வைத்து மெல்ல விட்டால், அந்த நெருக்கடியில் ஒரு சிறு பங்கு குறையும். அக்கறையோடு செய்யத்தக்க வேலை இது என்று நான் உறுதியாக நம்புவது அதனால்தான்.

செலவில் நாற்றின் பங்கு மிகச் சிறியது. தோண்டுவதும் மண் அகற்றுவதும் கல் நிரப்புவதும்தான் பெரும் தொகை. குறைந்த விலை சொல்பவர்கள் பெரும்பாலும் ஆழத்தில்தான் கை வைப்பார்கள். திருவொற்றியூர், தண்டையார்பேட்டைப் பக்கம் உள்ளவர்கள் மணல் மண்ணில் வடிகுழாய் இல்லாமலே சமாளிக்கலாம், ஆனால் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் எத்தனை அடியில் வருகிறது என்பதைப் பார்த்துவிட்டு ஆழத்தை முடிவு செய்ய வேண்டும். உப்புக்காற்று அடிக்கும் தெருக்களுக்குப் புன்னையும் பூவரசும் பொருத்தம். சாக்கடை நீர் சாலையில் பொங்கும் தெருவாக இருந்தால், முதலில் அதைச் சரிசெய்த பிறகே குழிக்கு வாய் வெட்டுங்கள். ஒப்பந்தத்தில் பராமரிப்பை ஓராண்டு என்று விடாமல் மூன்று பருவமழை வரை கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு அது கிடைக்கவில்லை, இப்போது தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். வேலையை ஆடி மாதத்துக்குள் முடிக்கச் சொல்லுங்கள். ஈரக் களிமண்ணில் தோண்டினால் குழியின் சுவர் மெழுகியதுபோல் வழவழத்து, நீர் இறங்கும் வழியே அடைபட்டுப் போகும்.