போட்டிக் குயில்ட்டுக்குக் கம்பளி பேட்டிங் ஏற்றதா?

போட்டிக்காகக் குயில்ட் (துணித் துண்டுகளை இணைத்து, அடுக்குகளாக வைத்துத் தைக்கும் போர்வை) வடிவமைப்பவர்கள் நிறச் சேர்க்கையிலும் துண்டுகளின் அமைப்பிலும் காட்டும் அக்கறையை, மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவே வைக்கும் மெத்தென்ற நிரப்பு அடுக்கான பேட்டிங்கில் பெரும்பாலும் காட்டுவதில்லை. போர்த்திக்கொள்ளும் குயில்ட்டில் இது பெரிதாகத் தெரியாது. விளக்கொளியில் தொங்கவிட்டு நடுவர்கள் பக்கத்தில் நின்று பார்க்கும் படைப்பில் நன்றாகவே தெரியும். நான் பயன்படுத்திப் பார்த்த வரையில், பருத்தியைவிடக் கூடுதல் விலை கொடுத்துக் கம்பளி பேட்டிங் வாங்குவது தகும்.

முதல் காரணம் அதன் உப்பல். இறகு, பூ போன்ற உருவங்களைத் தைக்காமல் விட்டு, பின்னணியை மட்டும் நெருக்கமாகத் தைத்தால், பின்னணி அமுங்கி உருவங்கள் புடைப்புச் சிற்பம்போல் எழுந்து நிற்கின்றன. தட்டையான பருத்தியில் இந்த நிழலும் மேடும் கிடைப்பதில்லை. கம்பளி இழைகளுக்கு இயல்பிலேயே சுருளும் தன்மை உண்டு என்பதால், மடித்து அனுப்பிய குயில்ட்டை விரித்துத் தொங்கவிட்டதும் மடிப்புத் தடங்கள் பெருமளவு மறைந்துவிடுகின்றன. கம்பளிக்கு அடியில் மெல்லிய பருத்தி பேட்டிங் ஒன்றையும் சேர்த்து இரண்டடுக்காக வைக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது: பருத்தி குயில்ட்டுக்கு விறைப்பைத் தந்து நேராகத் தொங்கச் செய்கிறது, கம்பளி தையலை எடுத்துக்காட்டுகிறது.

ஆனால் இது வடிவமைப்பிலேயே சில கட்டுப்பாடுகளைக் கேட்கும் பொருள். ஓரிடத்தில் நெருக்கமாகவும் இன்னோரிடத்தில் மிக அகலமாகவும் தைத்தால் ஓரங்கள் அலையலையாக நெளியும். ஆகவே தையலின் அடர்த்தியைக் காகிதத்தில் வரையும்போதே சமன்படுத்த வேண்டும். கறுப்பு போன்ற அடர்நிறத் துணியில் வெளிர் இழைகள் ஊசித்துளை வழியே வெளியே எட்டிப் பார்க்கக்கூடும்; நெருக்கமாக நெய்த துணியும் மெல்லிய ஊசியும் இதைக் குறைக்கும். அதே துணி, அதே நூலில் ஒரு சிறு மாதிரியைத் தைத்துப் பார்க்காமல் பெரிய வேலையைத் தொடங்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

தைத்து முடித்த பிறகு சூடான இஸ்திரிப் பெட்டியை அழுத்தினால் உப்பல் போய்விடும். அதற்குப் பதிலாகக் குளிர்ந்த நீரில் நனைத்து, சமதளத்தில் விரித்து, இரு மூலைவிட்டங்களும் ஒரே அளவு வரும்படி இழுத்துக் குண்டூசி குத்தி உலரவிட வேண்டும். விளிம்புப் பட்டிக்காக (ஓரத்தைச் சுற்றி மூடித் தைக்கும் துணிப்பட்டை) ஓரத்தை வெட்டும்போது பேட்டிங்கை மேல்துணியைவிடச் சற்று வெளியே நீட்டிவிடுங்கள். கம்பளி எளிதில் அமுங்குவதால், இப்படிச் செய்யாவிட்டால் பட்டிக்குள் வெற்றிடம் விழும், நடுவர்கள் அதைக் குறையாகவே குறிப்பார்கள்.

நேர்க்கோட்டுத் தையலும் தட்டையான தோற்றமும் நோக்கமாக உள்ள நவீன வடிவங்களுக்கு இந்தச் செலவு வேண்டாம். நல்ல பருத்தி பேட்டிங்கே அவற்றுக்குப் பொருந்தும். கம்பளியை வாங்குவோர் மேல்துணியைவிட ஒவ்வொரு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக இருக்கும் அளவைப் பார்த்து வாங்கி, உறையிலிருந்து எடுத்து ஓர் இரவு விரித்து வைத்த பின்னரே அடுக்கத் தொடங்குவது நல்லது.