முதல் நாள் நகமும் பதினெட்டாம் நாள் நகமும்

ஜெல் நகப்பூச்சு போட்ட அன்றைக்கு எல்லா நகமும் அழகுதான். கடையை விட்டு வெளியே வந்து, கார் ஸ்டியரிங்மேல் கையை வைத்துப் படம் எடுத்து அக்கா தங்கச்சிகளுக்கு அனுப்பும்வரை எந்த டிசைனும் தோற்பதில்லை. பதினெட்டாம் நாள் பாருங்கள். விரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளரும். அதற்குள் அடியில் 2 மில்லிமீட்டருக்கு வெறும் நகம் எட்டிப் பார்க்கும். வலது கை ஆள்காட்டி விரலில் சாம்பார் மஞ்சள் ஏறியிருக்கும். ஒட்டிய கல்லில் ஒன்று எந்தப் புடவையோடு போனதோ தெரியாது. டிசைன்களை ஒப்பிடுவதென்றால் இந்தப் பதினெட்டாம் நாளை வைத்துத்தான் நான் ஒப்பிடுவேன்.

நான் இருப்பது மலேசியாவின் சுங்கை சிப்புட். சுற்றிலும் செம்பனை, ஆங்காங்கே மிச்சமிருக்கும் பால்மரம். முன்பெல்லாம் ஜெல் போட ஈப்போ வரை போனோம். இப்போது கடைவரிசையில் ஒரு சீன ஆன்ட்டி போடுகிறார். தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், தன் வீட்டு முன்னறையில் விளக்கு வைத்து நம் பெண் ஒருத்தியும் போடுகிறாள். இரண்டு இடத்திலும் வாடிக்கையாளர்கள் போனைத் திறந்து காட்டுவது ஒரே மாதிரிப் படங்களைத்தான்: யாரோ ஒருத்தி காபிக் கோப்பையைப் பிடித்திருக்கும் நீண்ட வெள்ளைக் கை. அந்தக் கை தேங்காய்ப் பால் பிழிவதில்லை, ரசச் சோற்றைப் பிசைவதில்லை, நெத்திலி ஆய்வதில்லை.

அன்றாடத்துக்கு மூன்று டிசைன்கள் போட்டி போடுகின்றன: தோல் நிறத்தை ஒட்டிய மெல்லிய நியூட், வெள்ளை முனை வைத்த பிரெஞ்சு, முழு நகத்துக்கும் ஒரே அடர்நிறம்.

பிரெஞ்சு என்று பெயர் இருந்தாலும் அது அமெரிக்கச் சரக்கு. 1970களின் நடுவில், ஓர்லி நகப்பூச்சு நிறுவனத்தைத் தொடங்கிய ஜெஃப் பிங்க் ஹாலிவுட் நடிகைகளுக்காகக் கொண்டுவந்தது. படப்பிடிப்பில் ஆடை மாறும்போதெல்லாம் நகத்தையும் மாற்றிக்கொண்டிருக்க முடியாதே. எல்லா ஆடைக்கும் ஒத்துப்போகிற ஒரே நகம் வேண்டியிருந்தது. அந்த நியாயம் நமக்கும் பொருந்தும். காலையில் யூனிஃபார்ம், மாலையில் பஞ்சாபி சூட், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் புடவை. அடிப்பகுதி வெளிறிய நிறம் என்பதால் நகம் வளர்ந்தாலும் கண்ணுக்கு உடனே தெரியாது.

ஆனால் அந்த வெள்ளை முனை இருக்கும் இடம் எது? சோறு பிசையும் இடம். போன வருடம் தாமான் பெண்ணிடம் பிரெஞ்சு கேட்டபோது அவளே சொன்னாள்: “வெள்ளையாவா வைக்கணும்? ரெண்டு நாளுல மஞ்சளாயிரும்க்கா, அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.” நான் கேட்கவில்லை. இரண்டு வாரத்தில் இடது கை கல்யாண வீடாகவும் வலது கை சமையற்கட்டாகவும் ஆகிவிட்டது. மஞ்சளுக்கு நிறம் தருகிற குர்குமின் வெயிலில் மங்கக்கூடியது. துணி காயப்போடும் சாக்கில் கையையும் வெயிலில் காட்டினால் கொஞ்சம் குறையும், ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்தால் இன்னும் கொஞ்சம். மறுநாளும் குழம்பு உண்டே, என்ன செய்வது? பிரெஞ்சுதான் வேண்டும் என்பவர்கள் முனையில் நூலளவுக் கோடு போதும் என்று கேட்டு, அதையும் வெள்ளையில் வைக்காமல் காப்பிக்கொட்டை நிறத்திலோ தங்க நிறத்திலோ வைத்துக்கொள்ளலாம். கறை விழுந்தாலும் அதற்குள் ஒளிந்துகொள்ளும்.

நியூட் சுலபம் என்று நினைப்போம். நிறத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் கோட்டை விடுகிறோம். அட்டையில் முதல் வரிசையில் இருக்கும் இளஞ்சிவப்பு நியூட் நம் மாநிறக் கைக்குச் சுண்ணாம்பு தடவியதுபோல் இருக்கும். இரண்டு வரிசை கீழே இறங்குங்கள். தே தாரிக் என்கிற ஆற்றிய பால் தேநீரின் நிறம் ஒன்று இருக்கும், கொஞ்சம் கேரமல் கலந்தாற்போல. அதை நகத்தின் மேல் வைத்துப் பார்க்காமல் விரல் தோலின் மேல் வைத்துப் பாருங்கள். தோலோடு சேர்ந்து போனால் அதுதான் உங்கள் நியூட். வளர்ந்த இடைவெளி தெரியாது, மஞ்சள் தெரியாது, முனை லேசாகத் தேய்ந்தாலும் தெரியாது. என் கணக்கில் அன்றாட நகத்துக்கு இதை மிஞ்ச ஆளில்லை. இந்த ஒரே நிறத்துக்கு நான் கொடுப்பது 45 வெள்ளி (ரிங்கிட்). மூன்று வாரம் வைத்துக்கொள்கிறேன்.

அடர்நிறத்துக்கு வருவோம். மெரூன், கருநீலம், கறுப்பு. பூசிய முதல் வாரம் மூன்றிலும் இதற்குத்தான் அழகு அதிகம், ஒப்புக்கொள்கிறேன். பத்தாம் நாளே அடியில் கோடு போட்டது மாதிரி இடைவெளி தெரியும். இன்னொன்று, ஜெல் இறுகுவது விளக்கின் ஒளியால். அடர்நிறத்தில் நிறமித்தூள் அதிகம், அது ஒளியை உள்ளே விடாது. அவசரத்தில் தடியாக ஒரே பூச்சில் முடித்தால் மேலே வெந்து உள்ளே மாவாக இருக்கும் பணியாரம் மாதிரி ஆகிவிடும். சுருங்கும், சீக்கிரம் உரியும். மெல்லிசாக இரண்டு பூச்சு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விளக்கு. போடுகிறவர் இதைச் செய்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடர்நிறத்தை நான் தினசரிக்கு வைத்துக்கொள்ளாததற்கு வேறு காரணம் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் தீபாவளிக்குப் பத்து விரலுக்கும் சிவப்பு, மேலே தங்க மினுக்கு. நான்காம் நாள் பழைய தோட்டத்துப் பெரியம்மா தவறிவிட்டார். ஜெல்லைக் கரைக்க அசிட்டோன் வேண்டும், பஞ்சு வைத்து ஃபாயில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார வேண்டும். வீட்டில் அசிட்டோனும் இல்லை, உட்காரும் மனநிலையும் இல்லை. முந்தானைக்குள் கையை ஒளித்துக்கொண்டே இருந்தேன். வாய்க்கரிசி போடக் கையை நீட்டியபோது குழல்விளக்கு வெளிச்சத்தில் ஐந்து விரலும் தீபாவளி கொண்டாடின. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. எல்லோரும் எல்லோருக்கும் சொந்தமான ஊரில் மூன்று வாரத்துக்கு ஒரு நகத்தைப் பூட்டிக்கொள்ளும்போது இதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

அதற்காகப் பண்டிகைக்கும் தே தாரிக்கோடு நிற்க முடியுமா? தீபாவளிக்கு இப்போது சண்டையே கேட் ஐக்கும் குரோமுக்கும்தான்.

கேட் ஐ ஜெல்லில் நுண்ணிய இரும்புத்தூள் கலந்திருக்கும். பூசியதும் காந்தத்தைச் சில விநாடி நகத்தருகே பிடித்தால் தூள் ஓரிடத்தில் கூடி, பூனைக்கண்ணில் ஓடும் ஒளிக்கோடு மாதிரி ஆகும். பிடித்த உடனே விளக்குக்குள் கையை விட வேண்டும். தாமதித்தால் தூள் கலைந்து கோடு மங்கிவிடும். மயில்கழுத்துப் பட்டைச் சாய்த்துப் பிடித்தால் பச்சையும் நீலமும் மாறி மாறித் தெரியுமே, அதே விளையாட்டு இதிலும் உண்டு. குத்துவிளக்குப் பக்கத்தில் கையை அசைத்தால் நகத்துக்குள் ஏதோ நகர்வதுபோல் இருக்கும். சாய்கோட்டைப் பத்து விரலிலும் ஒரே கோணத்தில் கொண்டுவருவதற்குக் கைத்திறன் வேண்டும். புதிதாகத் தொழில் தொடங்கியவரிடம் போகிறீர்களானால், கோடு வேண்டாம், நகம் முழுக்கப் பரவலாக மினுங்கும் வெல்வெட் வகை போதும் என்று சொல்லிவிடுங்கள்.

குரோம் என்பது ஏற்கெனவே இறுகிய மேல்பூச்சின்மேல் மெல்லிய தூளைத் தேய்த்து, அதன்மேல் இன்னொரு மேல்பூச்சு போட்டு மூடுவது. 2022இல் அமெரிக்க மாடல் ஹெய்லி பீபர் நியூயார்க்கின் மெட் காலா விழாவுக்குப் போட்டுப்போன பிறகு, சீனி மெருகு பூசிய டோனட் மாதிரி முத்துப் பளபளப்பு ஊரெல்லாம் பரவியது. படத்தில் அபாரம். ஆனால் நகத்தின் விளிம்பையும் சேர்த்து மேல்பூச்சால் மூடாவிட்டால் முனையில் தூள் தேய்ந்து, அடியில் இருக்கும் நிறம் தெரிய ஆரம்பிக்கும். பண்டிகை வீட்டில் பலகாரத் தட்டு கழுவுகிற கைக்கு அது நான்கு நாள் சமாச்சாரம். ஈப்போவில் அலுவலகம், வீட்டில் பாத்திரம் கழுவ வேறு கை இருக்கிறது என்றால் குரோம் எடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. மற்றவர்களுக்குக் கேட் ஐ.

செலவு பார்க்கிறவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று: நியூட் அடியில் போட்டு, முனையிலிருந்து உள்நோக்கித் தங்கத்தூள் மங்கிக்கொண்டே வருவது. நகம் வளர்வது தெரியவே தெரியாது. கழற்றும்போதுதான் அழ வைக்கும், மினுக்குத்தூள் அசிட்டோனுக்குச் சுலபத்தில் மசியாது, முதலில் அரத்தால் தேய்த்துவிட வேண்டும்.

எது போட்டாலும் முறுக்கு சுட்டு முடித்த பிறகு போடுங்கள். நீளமும் வேண்டாம், நீண்ட நகத்தோடு வண்ண அரிசி கிள்ளிக் கோலம் போட முயன்றவர்களுக்கு ஏன் என்று தெரியும்.

கல்யாணத்துக்கு வந்தால் ஜெல்லின் உண்மையான போட்டி மருதாணி. ரப்பர்த் தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டு ஓரம் ஒரு செடி நின்றது. கொட்டைப்பாக்கும் புளியும் சேர்த்து அரைத்து, விரல் நுனியில் தொப்பி மாதிரி வைத்துவிட்டு அம்மா கடைசியாகத் தனக்கும் வைத்துக்கொள்வார். பால் வெட்டுகிற கை. ரப்பர்ப் பால் காய்ந்து கறுத்த நகம். வருடத்தில் சில மாதம்தான் அது சிவப்பாக இருக்கும். மருதாணியின் லாசோன் என்ற சாயம் நகத்தின் கெரட்டினோடு ஒட்டிக்கொள்வதால் தோலில் இரண்டு வாரத்தில் மங்குவது நகத்தில் வளர்ந்து வெட்டுப்படும்வரை நிற்கும். தீபாவளிக்கு வைத்தது தைப்பூசத்துக்கும் முனையில் இருக்கும். அந்தச் சிவப்பு மேலேறி, அடியில் வெறும் நகம் பிறையாய்த் தெரிவதை அன்றைக்கு யாரும் குறையாகச் சொன்னதில்லை. அதே பிறை ஜெல்லில் தெரிந்தால் மட்டும் ‘எடுத்துடு, பார்க்க நல்லாயில்ல’ என்கிறோம்.

மணப்பெண்ணுக்கு இரண்டும் வேண்டும் என்றால் முதலில் ஜெல், பிறகு மருதாணி. மாற்றிச் செய்தால் நகக்கடையில் ஊறவைப்பதிலும் தேய்ப்பதிலும் மருதாணி மங்கும். வைக்கிறவரிடம் நகத்தில் விழுது படாமல் வைக்கச் சொல்லுங்கள். வெளிர்நிற ஜெல் ஆரஞ்சு நிறத்தை வாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே நகத்தில் மருதாணி இருந்தால் மெல்லிய நியூட் போட்டுப் பயனில்லை, அடியிலிருந்து சிவப்பு தெரியும், மெரூனுக்குப் போய்விடுங்கள். மருதாணிக் கூம்பிலும் கருமருதாணி என்று விற்பதைத் தொடாதீர்கள். அதில் முடிச்சாயத்தில் சேர்க்கும் பிபிடி கலந்திருப்பது உண்டு, தோலைக் கொப்புளிக்க வைத்துவிடும்.

கல் வைப்பதைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. சரிகையில் மாட்டும், மல்லிகைச் சரத்தில் மாட்டும், தலைமுடியில் மாட்டும். ஆசைக்கு மோதிர விரலில் மட்டும், தட்டையான சிறு கல், சுற்றிலும் ஜெல்லால் விளிம்பு கட்டி. அதற்கு மேல் வேண்டுமானால் ஜெல்லை விட்டு, ஒட்டுநகம் வாங்குங்கள். ஒருநாள் வேஷத்துக்கு அதுதான் சரி. மாலையில் கழற்றி டப்பாவில் வைத்தால் அடுத்த கல்யாணத்துக்கும் ஆகும். ஒட்டுநகத்திலும் இரண்டு உண்டு. ஒட்டுப்பசைத் துண்டு வைத்து ஒட்டுவது மண்டபத்தில் மாலை வரவேற்புக்குத் தாங்கும். கையால் சாப்பிட்டுக் கை கழுவும் பகல் விருந்துக்குத் தாங்காது. என் சித்தி மகளின் சுண்டுவிரல் நகம் பச்சடிக்குள் கிடந்ததை நான்தான் கண்டுபிடித்தேன். பகலுக்கு, துண்டு வேண்டாம், நகப்பசை தடவி ஒட்டுங்கள்.

வளைகாப்புக்கும் ஒட்டுநகத்தையே சொல்வேன். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் கருவிக்கு நகப்பூச்சு இடைஞ்சல் செய்யக்கூடும் என்பதால் பிரசவத்துக்குப் போகிற இடத்தில் எடுத்துவிட்டு வரச் சொல்லலாம். வலியோடு ஃபாயில் சுற்றிக்கொண்டு உட்கார வேண்டாமே.

வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று ஷாப்பி இணையக்கடையில் விளக்கும் ஜெல்லும் தனித்தனியாக வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜெல்லும் விளக்கும் பொருந்தாவிட்டால் முழுதாக இறுகாது. ஜெல்லில் இருக்கும் அக்ரிலேட் என்ற வேதிப்பொருள் இறுகாமல் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்தால், பிற்காலத்தில் பல் அடைக்கிற பொருள்கூட ஒத்துக்கொள்ளாமல் போகக்கூடும். ஜெல்லை இறுகவைக்கச் சேர்க்கும் டிபிஓ என்ற பொருளை 2025 செப்டம்பர் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் அழகுசாதனங்களில் தடை செய்திருக்கிறது. புட்டியில் டிபிஓ இல்லை, ஒவ்வாமை தரக்கூடிய அக்ரிலேட் வகையான ஹெமா இல்லை என்று எழுதியிருப்பதைத் தேடி வாங்குவதில் நட்டமில்லை.

அடுத்த மாதம் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். எனக்குத் தே தாரிக் நிறத்தில் வெல்வெட் கேட் ஐ என்று தாமான் பெண்ணிடம் சொல்லிவைத்தாயிற்று, 60 வெள்ளி. நாத்தனார் பத்து விரலுக்கும் கல் வைத்துக்கொள்ளப் போகிறாராம், அதுவும் ஒட்டுநகத்தில், பசைத் துண்டு போட்டு. பந்தியில் அவருக்குப் பக்கத்தில் உட்காரப் போவது நான்தான். இலையைப் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும்.