பழைய சொகுசு செடான்: வாங்குமுன் செய்த ஆய்வு, வாங்கியபின் கண்ட நடப்பு

பயன்படுத்திய சொகுசு செடான் ஒன்றை வாங்கிச் சில ஆண்டுகளாக ஓட்டிவருகிறேன். காரைவிட, அதை வாங்குவதற்கு முன்பு செய்த ஆய்வைப் பற்றியே இங்கு அதிகம் எழுதப்போகிறேன். அந்த ஆய்வில் எவை பிற்பாடு பணத்தைக் காப்பாற்றின, எவை வெறும் நேரச் செலவாக முடிந்தன என்பது ஓட்டிப் பார்த்த பிறகுதான் தெரிகிறது. வாங்கிய கையோடு எழுதப்படும் மதிப்புரைகளில் அதை எதிர்பார்க்க முடியாது. என் காரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஜெர்மன் தயாரிப்பு, ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்ற அளவு போதும். பெயரைச் சொன்னால் எந்தச் சின்னம் உயர்ந்தது என்ற பேச்சு தொடங்கிவிடும். பிறகு ஆய்வைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

இவ்வகைக் கார்களில் பெரும்பாலானவை முதல் ஐந்தாறு ஆண்டுகளிலேயே புதிய விலையில் பாதியளவை இழந்துவிடுகின்றன. நம்மைப் போன்றவர்களுக்கு ஆசை பிறப்பதே அங்கேதான். ஆனால் காரின் விலை இறங்குகிறதே தவிர, உதிரிபாகத்தின் விலையும் பணிமனைக் கூலியும் இறங்குவதில்லை. பத்து வயதான காருக்கும் புதிய காருக்குரிய விலையில்தான் ஷாக் அப்சார்பர் வாங்க வேண்டியிருக்கும். ஆகவே கார்களைப் பார்க்கப் போகும் முன்பே, எப்படியும் தேய்ந்துபோகக்கூடிய பாகங்களான முன்பக்கக் கண்ட்ரோல் ஆர்ம்கள் (சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் கைகள்), பிரேக் டிஸ்க், வாட்டர் பம்ப், கியர்பாக்ஸ் ஆயிலும் ஃபில்டரும், டயர், பேட்டரி ஆகியவற்றின் விலையையும் மாற்றுக் கூலியையும் விசாரித்து எழுதிவைத்தேன். வாங்கும் விலையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை முதலாண்டுச் செலவுக்கென்றே ஒதுக்கினேன். அந்தத் தொகை முழுவதும் செலவாகவில்லை. ஆனாலும் அது கையில் இருந்ததால்தான் ஒவ்வொரு பழுதையும் பதற்றமின்றி, சிறியதாக இருக்கும்போதே சரிசெய்ய முடிந்தது.

ஆய்வின் மிகப் பயனுள்ள பகுதி எது என்று கேட்டால், மாடலை விட்டுவிட்டு எஞ்சினைப் படித்தது என்பேன். பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் எழுத்துகளை நம்பிக் காரைத் தேடுபவர் இரண்டு வெவ்வேறு கார்களை ஒன்றென்று எண்ணிக்கொள்கிறார். பிஎம்டபிள்யூ 5 சீரிஸின் எஃப்10 தலைமுறை (2010–2016) இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. தொடக்கத்தில் வந்த 528ஐ (528i) காரில் இருந்தது டர்போ இல்லாத 3 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின். 2011ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து அதே பெயரில், அதே உடலில், என்20 என்ற 2 லிட்டர் நான்கு சிலிண்டர் டர்போ எஞ்சின் வந்தது. இரண்டும் பழுதாகும் விதம் முற்றிலும் வேறு. என்20 எஞ்சினின் முந்தைய தயாரிப்புகளில் டைமிங் செயினை (வால்வுகளை உரிய நேரத்தில் இயக்கும் சங்கிலி) தாங்கும் பிளாஸ்டிக் கைடுகள் நாளடைவில் உடையக்கூடும். உடைந்த துண்டுகள் ஆயில் உறிஞ்சும் வலையில் போய் அடைத்துக்கொண்டால் எஞ்சினே போய்விடும். 2007இல் அறிமுகமான என்47 டீசல் எஞ்சினில் டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருப்பதால், செயினை மாற்றுவதற்கு எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்கியாக வேண்டும்; பாகத்தின் விலையைக் கூலி விழுங்கிவிடும்.

மற்ற நிறுவனங்களிலும் இதே கதைதான். மெர்சிடிஸ்-பென்ஸ் ஈ-கிளாஸின் டபிள்யூ211 தலைமுறையில் 2006 வரை வந்த கார்களில் எஸ்பிசி என்ற மின்னணு ஹைட்ராலிக் பிரேக் இருந்தது. அதன் பம்ப் யூனிட் எத்தனை முறை பிரேக் மிதிக்கப்பட்டது என்பதை எண்ணிக்கொண்டே வந்து, வரம்பை எட்டியதும் பணிமனைக்குச் செல்லச் சொல்லும். 2006இல் செய்த மாற்றத்துக்குப் பின் வழக்கமான பிரேக்குக்கே திரும்பிவிட்டார்கள். ஆகவே ஓராண்டு இளைய காரைத் தேர்ந்தால் ஒரு பெரிய கவலையே இல்லாமல் போகிறது. அதே காலத்து எம்272 வி6 எஞ்சினின் தொடக்கத் தயாரிப்புகளில் எஞ்சின் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டின் பற்சக்கரம் காலத்துக்கு முன்பே தேய்ந்தது. நம்பகத்தன்மைக்குப் பெயர்பெற்ற லெக்ஸஸ் எல்எஸ்430 காரும் (2000–2006) செலவே வைக்காது என்று சொல்ல முடியாது. டைமிங் செயினின் வேலையையே செய்யும் அதன் டைமிங் பெல்ட்டை ஏறத்தாழ 1,45,000 முதல் 1,50,000 கி.மீ.க்குள் மாற்ற வேண்டும். மாற்றியதற்கான பில் இல்லாவிட்டால், மாற்றப்படவில்லை என்றே கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிப் படித்து முடித்தபோது, எனக்குப் பிடித்திருந்த நான்கைந்து மாடல்களில் எந்த ஆண்டு, எந்த எஞ்சின் என்பது சுருங்கி ஒரு கைக்குள் அடங்கிவிட்டது. அதன் பிறகே நேரில் பார்க்கத் தொடங்கினேன்.

கடைசியில் என் முன் இருந்தவை இரண்டு. ஒன்று குறைவாக ஓடியது, பளபளப்பானது, ஆனால் காகிதம் ஏதும் இல்லாதது. மற்றொன்று அதைவிட ஏறக்குறைய இரு மடங்கு ஓடியது, தடித்த பில் கோப்புடன் வந்தது. இரண்டாவதைத்தான் வாங்கினேன். குறைந்த கிலோமீட்டர் என்பது எப்போதும் நல்ல செய்தி ஆகாது. ரப்பர் புஷ், சீல், கூலன்ட் ஹோஸ், டயர் ஆகியவை ஓட்டத்தால் மட்டுமல்லாமல் வயதாலும் கெடுகின்றன. குறுந்தூரம் மட்டுமே ஓடிய எஞ்சினில் ஆயில் முழுச் சூட்டை எட்டாததால் ஈரமும் பெட்ரோலும் அதில் தங்கிவிடுகின்றன. கோப்பில் நான் பார்த்தது மூன்று விஷயங்கள். பில்களில் உள்ள தேதியும் கிலோமீட்டரும் ஒரே சீராக ஏறுகின்றனவா. ஆயில் மாற்றம் மீட்டர் சொல்லும் நீண்ட இடைவெளியில் நடந்ததா, அல்லது அதற்கு முன்பாகவே நடந்ததா. யாரும் வற்புறுத்தாத செலவுகளை உரிமையாளர் செய்திருக்கிறாரா. மூன்றாவதுதான் மனிதரைக் காட்டிக்கொடுக்கும். கியர்பாக்ஸ் ஆயில் ஆயுட்காலத்துக்கும் போதும் என்று பல கார் நிறுவனங்கள் சொல்கின்றன; ஆனால் அவற்றில் சிலவற்றுக்கு கியர்பாக்ஸ் செய்துதரும் இசட்எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது. என் காரின் கோப்பில் அந்த மாற்றத்துக்கான பில் இருந்தது. விலையைப் பற்றி அதற்குமேல் நான் அதிகம் பேரம் பேசவில்லை.

நேரில் பார்க்கும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தேன். போனதும் பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் ஹோஸைத் தொட்டுப் பார்த்தேன். அது வெதுவெதுப்பாக இருந்தால், நமக்காக யாரோ ஏற்கெனவே ஸ்டார்ட் செய்துவைத்திருக்கிறார்கள் என்று பொருள். அப்படி இருந்த ஒரு காரை ஓட்டிப் பார்க்காமலே திரும்பியிருக்கிறேன். டைமிங் செயின் தளர்ந்திருந்தால், குளிர்ந்த எஞ்சின் உயிர்பெறும் முதல் சில நொடிகளில் அது எழுப்பும் கரகரப்பு கேட்கும். எண்ணெய் அழுத்தம் ஏறியதும் அது அடங்கிவிடும். சூடான எஞ்சினில் அந்தச் சான்றே கிடைக்காது. பிறகு சில நிமிடங்கள் ஐட்லிங்கில் விட்டு, ஆக்சிலரேட்டரை ஒருமுறை அழுத்தியபோது சைலன்சரில் நீலப்புகை வருகிறதா என்று பார்த்தேன். வந்தால் வால்வு சீல் தேய்ந்திருக்கும். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி உள்ளே விளக்கடித்தபோது உலோகம் வெளிர்நிறத்தில் இருந்தது. தார்போல் கறுத்த படிவு தெரிந்தால் ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போட்டவரின் கார் அது.

விற்பவருக்கு வியப்பளித்தது சன்ரூஃப் சோதனை. சன்ரூஃபைத் திறந்து, மூலைகளில் உள்ள வடிகால் துளையில் கொஞ்சம் தண்ணீரை மெதுவாக ஊற்றி, அது கதவுத் தூணின் வழியே இறங்கிக் காரின் அடியில் சொட்டுகிறதா என்று பார்த்தேன். அடைத்திருந்தால் தண்ணீர் காரின் தரைவிரிப்புக்கு அடியில் தேங்கும். சொகுசு கார்களில் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் சில சீட்டுக்கு அடியிலும் டிக்கியிலும் இருப்பதால், ஒரு மழைக்காலம் பெரிய செலவை இழுத்துவிடும். டிக்கியின் தரைப்பலகையைத் தூக்கிப் பார்ப்பதும் இதற்காகத்தான்.

டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தேதியையும் படிக்க வேண்டும்; 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். நான்கு டயரும் நான்கு நிறுவனத்தினுடையதாக இருந்தால், மற்ற பாகங்களிலும் கிடைத்ததைப் போட்டு ஓட்டியிருப்பார் என்றே கருதலாம். பெயின்ட் தடிமன் மீட்டர் பயனுள்ளதுதான். தொழிற்சாலைப் பெயின்ட் பொதுவாக 100 முதல் 180 மைக்ரான் அளவில் இருக்கும். பட்டி போட்ட இடத்தில் பல நூறைத் தாண்டும். ஆனால் இவ்வகைக் கார்களில் பானெட்டும் சில சமயம் கதவுகளும் அலுமினியத்தால் ஆனவை. இரும்பை மட்டும் அளக்கும் மலிவான மீட்டர் அங்கே ஒன்றும் காட்டாது.

காரின் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஸ்கேனர் இல்லாமல் இந்தக் கார்களை வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்குவதுதான். பிழைக் குறியீடு எதுவும் இல்லை என்பதைக் கண்டு மகிழ்ந்துவிடக் கூடாது. குறியீடுகளை அழித்தபின் கார் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்பதைக் காட்டும் ஒரு பதிவு, கார்களுக்கான பொதுவான பழுதறியும் தரமான ஓபிடி-2இலேயே உண்டு. அது மிகச் சில கிலோமீட்டரைக் காட்டினால், நாம் வருவதற்குச் சற்று முன்புதான் எதையோ துடைத்திருக்கிறார்கள். ஓடிய தூரமும் பல ஐரோப்பியக் கார்களில் மீட்டரில் மட்டுமன்றி வேறு கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும், சிலவற்றில் சாவியிலும்கூடப் பதிவாகிறது. இவை ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று அந்த மாடலை அறிந்த மெக்கானிக்கால் பார்க்க முடியும். இத்துடன், ஒவ்வொரு காருக்கும் உரிய 17 இலக்க அடையாள எண்ணான வின் எண்ணை வைத்துத் திரும்பப் பெறும் அறிவிப்பு நிலுவையில் உள்ளதா என்று தயாரிப்பாளரிடம் கேட்பதற்குச் செலவில்லை. ஜப்பானின் டகாட்டா நிறுவனம் செய்த ஏர்பேக் பற்றிய விவகாரம் சொகுசு கார்களையும் தொட்டது. வெப்பமும் ஈரமும் மிகுந்த இடங்களில் ஆண்டுக்கணக்கில் இருந்த இன்ஃப்ளேட்டர்கள் (ஏர்பேக்கை ஊதும் பாகம்) வெடித்து உலோகத் துண்டுகளைச் சிதறடித்தன.

பயனில்லாமல் போனவையும் உண்டு. விற்பனையாளர்கள் தரும் நூற்றுக்கணக்கான அம்சங்கள் கொண்ட பரிசோதனைச் சான்றிதழில் கண்ணாடி வைப்பரும் கியர்பாக்ஸும் சமமாக ஒரு டிக் பெறுகின்றன. புதிய காருக்கு எழுதப்பட்ட சாலைச் சோதனைக் கட்டுரைகளையும் நிறையப் படித்தேன். அவை சுவையானவை, ஆனால் பத்தாண்டு ஓடிய சஸ்பென்ஷனைப் பற்றி அவற்றுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

வாங்கியபின் பழுதானவற்றில் பெரும்பாலானவை பட்டியலில் இருந்தவையே. எலெக்ட்ரிக் வாட்டர் பம்ப், வால்வு கவர் கேஸ்கட்டில் ஆயில் கசிவு, முன்பக்கக் கண்ட்ரோல் ஆர்ம் புஷ்கள் ஆகியவை எதிர்பார்த்த வயதில், எதிர்பார்த்த செலவில் வந்துபோயின. பட்டியலில் இல்லாதவை சிறு வசதிகள்: பக்கவாட்டுக் கண்ணாடியை மடக்கும் மோட்டார், பார்க்கிங் சென்சார், கதவைத் தானாக இழுத்து மூடும் பூட்டு. இவை காரை நிறுத்தாது, ஆனால் ஒவ்வொன்றும் நினைப்பதைவிட விலை கூடியது. பேட்டரி மாற்றுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. புதிய பேட்டரியைக் காரின் கணினியில் பதிவு செய்யாவிட்டால், கணினி அதைப் பழையதற்குரிய முறையிலேயே சார்ஜ் செய்துகொண்டிருக்கும். காற்று போனாலும் சிறிது தூரம் ஓடக்கூடிய ரன்-ஃப்ளாட் டயரைக் கழற்றிச் சாதாரண டயருக்கு மாறியதில் சவாரி மென்மையானது. ஆனால் டிக்கியில் ஸ்டெப்னிக்கு இடம் இல்லாததால் பஞ்சர் கிட்டும் காற்றடிக்கும் சிறு பம்பும் எப்போதும் உடன் இருக்கின்றன.

ஓட்டுவதைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரட்டை அடுக்குக் கண்ணாடியால் நெடுஞ்சாலை வேகத்திலும் பின்சீட்டில் இருப்பவருடன் குரல் உயர்த்தாமல் பேச முடிகிறது. நாள் முழுவதும் ஓட்டினாலும் முதுகு வலிப்பதில்லை. அந்த ஆறு சிலிண்டர் எஞ்சினின் சீரான இழுவைக்காக எரிபொருள் செலவைப் பொறுத்துக்கொள்கிறேன். நகர நெரிசலில் மட்டுமே ஓட்டுபவருக்கு இந்தச் செலவுக்கு ஈடாக எதுவும் கிடைக்காது.

ஒரு விஷயத்தை மட்டும் எந்த ஆய்வும் எனக்கு அழுத்தமாகச் சொல்லவில்லை. அது காத்திருப்பு. கதவுப் பூட்டுக்கான பாகம் வர வாரக்கணக்கில் ஆனது. பம்ப் மாற்றிய வேலையைவிடப் பம்ப் வருவதற்கான நேரமே அதிகம். வீட்டில் வேறொரு வண்டி இருந்ததால் எனக்கு அது தொல்லையாகத் தெரியவில்லை. இந்த ஒரே காரை நம்பி அன்றாடம் வேலைக்குச் செல்பவர், எஞ்சினையும் கோப்பையும் பார்ப்பதற்கு முன்பே, அந்த மாடலின் பாகங்களை இருப்பில் வைத்திருக்கும் பணிமனை எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று விசாரித்துவிட வேண்டும். இல்லையென்றால் தேடலை அந்த மாடலோடு நிறுத்திக்கொண்டு வேறொன்றைப் பார்க்கலாம்.